கூப் வேறு, ஷாம்பியொனா வேறு

இங்கே நான் வழக்கமாகப் பழைய கதைதான் எழுதுவேன். பெரிய வாய்க்கால், மேரி கட்டடம் இடிந்து விழுந்த மழை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, இப்படி. படிக்கிறவர்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், எதற்கு வம்பு என்று இருந்துவிடுவேன். இன்றைக்கு வம்புதான். கல்லூரிப் பிள்ளைகளின் கூடைப்பந்து பற்றி. பிடிக்காதவர்கள் அடுத்த வாரம் வாருங்கள், சந்தைக் கதை இன்னும் பாக்கி இருக்கிறது.

காலையில் நடக்கப் போகிற வழியில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து சாம்பியன்ஷிப், ஆண்கள், பெண்கள், இரண்டு நாள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பரிசளிப்பு என்று 11 பேருடைய படம். பந்தின் படம் ஒன்று. ஆடுகிற பிள்ளை ஒருத்தர் படம்கூட இல்லை. அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், "போட்டிகள் நாக்-அவுட் முறையில் நடைபெறும்". எந்த ஊர் பேனர், யார் கட்டியது என்று கேட்காதீர்கள். 50 வருஷமாக நான் பார்க்கிற பேனர் எல்லாமே இதுதான். அப்போது துணியில் எழுதினார்கள், இப்போது ஃபிளெக்ஸில் அடிக்கிறார்கள்.

அந்தப் பேனரைப் பார்த்ததும் எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் சொல்தா. இந்தோசீனா வரை போய் வந்து, பிரெஞ்சு பென்ஷனில் சாய்வு நாற்காலியில் காலம் கழித்த மனுஷன். நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் அப்படி இருந்தார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடைப்பந்தை அவர் 'பாஸ்கெத்' என்றுதான் சொல்வார். நான் காலேஜ் அணியில் சேர்ந்த புதிதில், "சாம்பியன்ஷிப் ஆடப் போறோம் பெரியப்பா" என்றேன்.

"எத்தினி மேட்ச்சு?"

"ஜெயிக்கிற வரைக்கும். தோத்தா அவ்வளவுதான்."

"அது கூப்புடா. ஷாம்பியொனா இல்ல. ஷாம்பியொனான்னா எல்லாரும் எல்லார்கூடவும் ஆடணும். கூப்புன்னா தோத்தவன் வூட்டுக்குப் போவான். கூப் வேற, ஷாம்பியொனா வேற."

பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டுக்கும் இரண்டு வார்த்தை. கோப்பைக்காக ஒரே ஆட்டத்தில் வெட்டிக் கழிப்பது 'கூப்'. ஒரு பருவம் முழுக்க எல்லோரும் ஆடி, கணக்குப் பார்த்து யார் பெரியவன் என்று முடிவு செய்வது 'ஷாம்பியொனா'. நாம் என்ன செய்தோம் என்றால், முதலாவதை நடத்திவிட்டு இரண்டாவதின் பெயரைப் பேனரில் போட்டுக்கொண்டோம்.

இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தார். குளிர்காலம், வெளியே ஆட முடியாது, பையன்கள் அடங்க மாட்டேன் என்கிறார்கள். வகுப்பில் 18 பேர். பக்கத்துக்கு 9 பேர் என்று பிரித்து 18 பேரையும் ஆட விட்டார். வகுப்பில் ஒருத்தன்கூட உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1893 டிசம்பர் 27-ல், பாரிஸில் த்ரெவீஸ் வீதியில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் நடந்தது. அந்தத் தரை இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு ஆட்டம் பரவ ஒரு பெரிய காரணம் ஹாரி பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி. நமக்குச் சொல்லிக் கொடுத்த பி.டி. மாஸ்டர்களில் எத்தனை பேர் அங்கே படித்து வந்தவர்கள்! எல்லோரும் ஆட வேண்டும் என்று பிறந்த ஆட்டத்தை, பாதிப் பேரை முதல் நாளே வீட்டுக்கு அனுப்புகிற ஆட்டமாக நடத்துகிறோம்.

பாதி என்று கோபத்தில் சொல்லவில்லை. நான் கணக்குப் பிரிவில் 34 வருஷம் குப்பை கொட்டியவன், கணக்கோடுதான் பேசுவேன். 16 அணி வந்தால் நாக்-அவுட்டில் மொத்தம் 15 ஆட்டம். 8 அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு முடிந்தது. அடுத்த 4 அணிகள் இரண்டு ஆட்டத்தோடு. கோப்பை வாங்குகிற அணியே 4 ஆட்டம்தான் ஆடியிருக்கும். ஒரு ஆட்டம் 40 நிமிஷம். ஜூனில் சேர்ந்து, விடியற்காலை எழுந்து, முட்டி தேய ஓடி, ஒரு வருஷம் பயிற்சி எடுத்த பிள்ளைக்கு நாம் தருவது 40 நிமிஷம். அதிலும் டிரா போடும்போது போன வருஷம் ஜெயித்த நான்கு அணிகளுக்கு நான்கு மூலை கொடுத்துவிடுவார்கள். புது அணி, சின்னக் கல்லூரி, யாரோ ஒருவர் போய் முதல் ஆட்டத்திலேயே அந்த மூலையில் முட்டிக்கொள்ள வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். 1971. புதுச்சேரிக்கு அப்போது சொந்தப் பல்கலைக்கழகம் கிடையாது. அது 1985-ல்தான் வந்தது. நம் கல்லூரிகள் எல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியோடு சேர்ந்தவை. ஆட்டம் மெட்ராஸில். ராத்திரி பஸ் பிடித்து, திண்டிவனத்தில் டீ குடித்து, விடியும்போது போய் இறங்கினோம். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முகம் கழுவினோம். ஏழரை மணிக்கு ஆட்டம். அப்போது 20 நிமிஷம், 20 நிமிஷமாக இரண்டு பாதி. மூன்று புள்ளிக் கோடெல்லாம் கிடையாது. சிமெண்ட் தரை, வெறுங்காலோடு ஆடினவர்கள் எங்களிலேயே இரண்டு பேர்.

எங்கள் அணியில் ஒரு இடது கைக்காரன் இருந்தான். பெயர் வேண்டாம். எங்கள் எல்லோரையும்விட அவன்தான் ஆட்டக்காரன். மற்றவர்கள் பந்தைப் பார்ப்போம், அவன் இடத்தைப் பார்ப்பான். அன்றைக்கு எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் போட்டது. கடைசியில் 47-48 என்று நிற்கும்போது அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் எங்களுக்கு வெற்றி. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போனது. விசில். எட்டரை, எட்டே முக்கால் மணிக்கெல்லாம் எங்கள் சாம்பியன்ஷிப் முடிந்துவிட்டது. மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நான்கு மணி நேரம் போக, 40 நிமிஷம் ஆட, நான்கு மணி நேரம் வர.

அதற்கப்புறம் அவனுக்கு 'ரெண்டு' என்று பெயர் வந்தது. முதலில் கேலிக்குச் சொன்னது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. முத்தியால்பேட்டையில் மளிகைக்கடை வைத்தான், கல்யாணம் செய்துகொண்டான், பேரன் பேத்தி எடுத்தான். 'ரெண்டு கடை' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏன் அந்தப் பெயர் என்று அவன் பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு ரூபாய்க்கு ஏதோ விற்றதால் வந்தது என்று நினைத்திருந்தார்கள். 2019-ல் அவன் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பழைய அணியில் ஒருத்தர் எனக்குப் போன் செய்து, "ரெண்டு போயிட்டாம்பா" என்றார். 48 வருஷம். அந்த அணியில் இருந்த நாங்களே, அவனுடைய நண்பர்களே, 48 வருஷம் அவனை அவன் தவறவிட்ட இரண்டு பந்தின் பெயரால் கூப்பிட்டிருக்கிறோம்.

அவனுக்கு அந்த வருஷம் இன்னும் பத்து ஆட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வாரமே 20 புள்ளி போட்டிருப்பான். அந்த இரண்டு பந்து அந்தக் கணக்கில் கரைந்து போயிருக்கும். யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

சரி, கிழவன் பழைய காயத்தைச் சொறிகிறான் என்று தள்ளிவிடலாம். இப்போது நடக்கிறதைக் கேளுங்கள்.

நான் காலை 6 மணிக்கு நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோர்ட் இருக்கிறது. அங்கே ஒரு பெண். வைத்திக்குப்பத்துப் பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். பி.காம். முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்தே ஆடுகிறாள். நானும் இன்னொரு பென்ஷன்காரரும் ஓரத்தில் நின்று, "முட்டியை மடக்கும்மா, தலையைத் தூக்கு" என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வோம். "சரி தாத்தா" என்பாள், செய்துகாட்டுவாள். மூன்று வருஷம் தன் கல்லூரிக்கு ஆடினாள். முதல் வருஷம், முதல் ஆட்டமே அந்த வருஷம் கோப்பை வாங்கிய அணியோடு. போச்சு. இரண்டாம் வருஷம் முதல் சுற்றில் பை கிடைத்தது, அடுத்த சுற்றில் தோற்றார்கள். மூன்றாம் வருஷம் தொடக்க விழாவுக்கு வர வேண்டியவர் இரண்டு மணி நேரம் தாமதம். பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். நேரம் போய்விட்டது என்று முதல் சுற்று ஆட்டங்களைச் சுருக்கிவிட்டார்கள். நாற்பது நிமிஷம்கூட இல்லை! அவளுக்கு ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார்ந்தாள். அணி தோற்றது. மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பில் அவள் ஆடிய சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் மொத்தம் 3.

இதில் கோப்பை போனால் போகட்டும். எந்தக் கல்லூரி அலமாரியில் ஒரு பித்தளைக் கோப்பை இருந்தால் எனக்கென்ன? போனது வேறு. இந்தக் கல்லூரிப் போட்டியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு 12 பேரை எடுக்கிறார்கள். அந்த அணிதான் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறது. அங்கே முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. தன் பல்கலைக்கழகத்துக்காக அந்தப் போட்டியில் ஆடியவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மத்திய அரசுத் துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போட அதைப் படிவம் 3 என்று கேட்பார்கள். அது இருந்தால் வரிசையில் நிற்கலாம். இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்ம ஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையின் முதல் படி இந்தக் கல்லூரி ஆட்டம்தான். தேர்வுக்கு வருகிறவர்கள் அரை இறுதியும் இறுதியும் பார்த்துவிட்டுப் பெயர் எழுதினால், முதல் நாள் காலை 10 மணிக்குத் தோற்றுப்போன அணியில் இருந்த பெண்ணை யார் பார்த்தது?

அவளை யாரும் பார்க்கவில்லை. போன வருஷம் ஒரு விளம்பரம் வந்தது. என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, இதுல மூணாம் நம்பர் ஃபாரம் கேக்கறாங்களே, அது எங்க வாங்கணும்?" நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம். இப்போது நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். 6 மணிக்கு இன்னும் வருகிறாள், ஏழரைக்கெல்லாம் ஓடிவிடுவாள்.

இனி கொஞ்சம் கடல் தாண்டிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் மகள் வீட்டில் இருந்தேன், அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலத்தில், ராலே நகரத்துக்குப் பக்கத்தில். குளிர், வெளியே போக முடியாது. மாப்பிள்ளை டி.வி.யைப் போட்டு, "மாமா, இது நீங்க பார்க்கணும்" என்று உட்கார வைத்தார். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று அங்கே அப்போது 15 பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்த ஒரு கூட்டமைப்பு. அதன் சாம்பியன்ஷிப், வாஷிங்டன் நகரில் ஐந்து நாள். தோற்றால் வெளியே. சாட்சாத் நாக்-அவுட். இந்தப் போட்டி தொடங்கியது 1954-ல், அதே ராலே நகரத்தில். நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே வருஷம்.

ராலேயில் இருக்கிற நார்த் கரோலினா ஸ்டேட் அணி 10-ஆம் இடத்தில் இருந்தது. போட்டிக்கு முந்தைய நான்கு ஆட்டமும் தோல்வி. வந்து ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தார்கள். இறுதியில் பக்கத்து ஊர் நார்த் கரோலினாவை 84-76 என்று அடித்தார்கள். 1987-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் கோப்பை. தெருவெல்லாம் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "நாக்-அவுட்டைத் திட்டுவீங்களே மாமா, நாக்-அவுட் இல்லன்னா பத்தாவது இடத்துல இருக்கிறவன் ஜெயிக்க முடியுமா?" என்றார்.

நல்ல கேள்வி. ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் காபி குடிக்கும்போது அவரிடம் திருப்பிக் கேட்டேன், இந்த அணி இந்த வாரத்துக்கு முன்னால் எத்தனை ஆட்டம் ஆடியது என்று. போனில் தட்டிப் பார்த்துச் சொன்னார்: 31. ஜெயித்தது 17, தோற்றது 14. கூட்டமைப்புக்குள் மட்டும் 20 ஆட்டம், அதில் 11 தோல்வி.

"14 தடவை தோத்தவனை வீட்டுக்கு அனுப்பாம வெச்சிருந்து, கடைசியா ஒரு நாக்-அவுட் வெச்சீங்க. எங்க ஊர்ல ஒரே தடவை தோத்தா அந்த வருஷமே முடிஞ்சுது. ரெண்டும் ஒண்ணா மாப்பிள்ளை?" என்றேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். பதில் வரவில்லை.

அங்கே நாக்-அவுட் என்பது பந்தியின் கடைசியில் வைக்கிற பாயசம். சோறு, குழம்பு, ரசம் எல்லாம் சாப்பிட்ட பிறகு. நாம் இலை போட்டதும் பாயசத்தை மட்டும் ஊற்றிவிட்டு, பாதிப் பேரிடம் அதுவும் கொடுக்காமல், எழுந்திருங்கள் என்கிறோம்.

அந்த வாரத்தில் என் மனசில் நின்றது இறுதி ஆட்டம் அல்ல, வெள்ளிக்கிழமை நடந்த அரை இறுதி. எதிரணி விர்ஜினியா. சில விநாடிதான் பாக்கி, விர்ஜினியா மூன்று புள்ளி முன்னால். அவர்கள் பையன் ஒருத்தனுக்கு ஃப்ரீ த்ரோ. போட்டால் கிட்டத்தட்ட முடிந்தது. தவறவிட்டான். இந்தப் பக்கம் ஒரு பையன் ஓடிவந்து மணி அடிக்கும்போது தூரத்திலிருந்து எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. சமம். கூடுதல் நேரத்தில் விர்ஜினியா தோற்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஃப்ரீ த்ரோ பையனுடைய முகத்தை. 'ரெண்டு' முகம் அப்படியே. ஆனால் ஒன்று பாருங்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை, நான்கே நாளில், அவன் அணி தேசியப் போட்டியில் ஆடியது. அந்தப் பருவம் முழுக்க ஆடிய ஆட்டத்தின் கணக்கை வைத்து அவர்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் தோற்றார்கள், அது வேறு விஷயம். மறுபடி பந்தைத் தொடக் கிடைத்தது.

இதுவும் அங்கே முதலிலிருந்து இருந்த ஏற்பாடு இல்லை. 1974 வரைக்கும் அங்கேயும் கோப்பை வாங்கிய ஒரே அணிதான் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்த வருஷ இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட்டும் மேரிலாண்டும் மோதின. கூடுதல் நேரம் போய் 103-100. மூன்று புள்ளியில் தோற்ற மேரிலாண்டு அப்போது நாட்டிலேயே முதல் நான்கைந்து அணிகளில் ஒன்று. வீட்டுக்குப் போனது. ஜெயித்த அணி போய் தேசியக் கோப்பையையே வாங்கி வந்தது. இவ்வளவு நல்ல அணியை ஒரு ராத்திரி ஆட்டத்துக்காக உட்கார வைப்பதா என்று பேச்சு கிளம்பி, அடுத்த வருஷமே, 1975-ல், தேசியப் போட்டியை 25 அணியிலிருந்து 32 அணியாக்கி, ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் வரலாம் என்று விதியை மாற்றினார்கள். தப்பு தெரிந்ததும் ஒரே வருஷத்தில் மாற்றிவிட்டார்கள். நாம் 50 வருஷமாக அதே ஃபிக்ஸர் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, டி.வி. இருக்கிறது, நம்மால் முடியுமா என்பீர்கள். இதைத்தான் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். மறுபடி கணக்குக்கு வருகிறேன். 16 அணியை நான்கு நான்காக நான்கு பிரிவு செய்யுங்கள். பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் பிரிவுக்கு 6 ஆட்டம், மொத்தம் 24. பிரிவுக்கு இரண்டு அணி எடுத்தால் கால் இறுதி 4, அரை இறுதி 2, இறுதி 1. கூட்டிப் பாருங்கள், 31. அங்கே ஒரே ஒரு அணி ஒரு பருவத்தில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை அது. இங்கே 16 அணிக்கும் சேர்த்தே அவ்வளவுதான் கேட்கிறேன். இரண்டு கோர்ட், கோர்ட்டுக்கு ஒரு நாளில் 5 ஆட்டம் வைத்தால் 4 நாளில் முடிந்துவிடும். நாக்-அவுட்டுக்கு 2 நாள். வித்தியாசம் 2 நாள். அந்த 2 நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது 3 ஆட்டம். வைத்திக்குப்பத்துப் பெண் மூன்று வருஷத்தில் ஆடியதை ஒரே வருஷத்தில் ஆடியிருப்பாள்.

மாஹே, ஏனாம் என்ன செய்வது என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. நம் பிரதேசம் விசித்திரமானது. காரைக்கால் பரவாயில்லை. மாஹே கேரளக் கரையில், 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் ஆந்திராவில், 800 கிலோமீட்டருக்கு மேல். அவர்களை வாராவாரம் வரச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து ரயில் மாறி மாறி வருகிற பிள்ளைகளைத்தான் ஒரே ஆட்டத்தோடு திருப்பி அனுப்பக் கூடாது! மெட்ராஸுக்கு நான்கு மணி நேரம் போய் வந்ததையே நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு ராத்திரி, ஒரு பகல் பயணம் செய்து வருகிறவர்களுக்கு மூன்று ஆட்டமாவது கொடுங்கள்.

செமஸ்டர் இடிக்கிறது என்பது அடுத்த சாக்கு. ரெஃப்ரிக்குப் பேட்டா கொடுக்கப் பணமில்லை என்பது இன்னொன்று. அந்த 11 பேருக்குப் போட்ட பொன்னாடை, நினைவுப் பரிசு, மேடை, மைக் செட் செலவை ஒருத்தர் எனக்கு எழுதிக் காட்டட்டும். ரெஃப்ரி பேட்டாவை அதற்குள்ளேயே அடக்கிக் காட்டுகிறேன்.

லீக் வைத்தால் ஆட்டத்தில் சூடு இருக்காது என்கிறவர்களும் உண்டு. 2017 ஜனவரியில் தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டி நம் உப்பளத்து ராஜீவ் காந்தி உள்ளரங்கில் நடந்தபோது நீங்கள் வந்திருந்தீர்களா? பிரிவு பிரிவாக லீக் ஆடித்தான் கால் இறுதிக்கு வந்தார்கள். சூட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஐ.பி.எல்.லில் ஒவ்வொரு அணிக்கும் 14 லீக் ஆட்டம் வைக்கிறானே, அவனுக்கு வியாபாரம் தெரியாதா?

அட, பெத்தாங்க் ஆடுகிற நம் கிழவர்களைப் பாருங்கள். சாயங்காலம் இரும்புக் குண்டை உருட்டிக்கொண்டு, "கொஷோனே எங்கடா" என்று குனிந்து தேடுகிறவர்கள். பிரெஞ்சுக்காரன் பெத்தாங்க் போட்டி வைத்தால் 'கொன்சொலாந்த்' என்று ஒன்று கூடவே வைப்பான். ஆரம்பத்திலேயே தோற்றவர்களுக்குத் தனியாக ஒரு போட்டி, சாயங்காலம் வரை அவர்களும் ஆடலாம். எழுபது வயசுக்காரன் குண்டு உருட்டுவதற்கே இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது. இருபது வயசுப் பெண்ணுக்கு இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டியே நாக்-அவுட்டில்தானே தொடங்குகிறது, கடைசி நான்கு அணிக்குத்தானே லீக் என்று ஒரு பழைய பி.டி. மாஸ்டர் என்னை மடக்கினார். ஆமாம். அங்கே அணிகள் ஏராளம், நாள் குறைவு, அவர்கள் சிரமம் அவர்களுக்கு. நம் வீட்டுக்குள் இருக்கிற விரல் விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. மேலே நாக்-அவுட் இருக்கிறதால்தான் கீழே நிறைய ஆட வேண்டும். ஒரே ஆட்டத்தில் தலை போகிற இடத்துக்கு, மூன்று நான்கு ஆட்டம் மட்டுமே ஆடிய 12 பேரை அனுப்பிவிட்டு, முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்து உச்சுக் கொட்டுகிறோம். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள் வருஷம் முழுக்க எங்கேயாவது ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கிற அகில இந்தியப் போட்டி மாதிரி நல்ல ஆட்டம் எங்கே நடந்தாலும் போய்ப் பார்க்கவாவது அவர்களுக்கு வண்டி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது காலை 6 மணி கோர்ட்டும் ஓரத்தில் நிற்கிற இரண்டு பென்ஷன்காரர்களும்தான்.

நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். மேலே சொன்ன கணக்கு, 4 நாள் அட்டவணை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தேர்வாளர்கள் முதல் நாள் காலையிலிருந்தே வந்து உட்கார வேண்டும் என்று ஒரு வரி. தொடக்க விழா 10 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, வர வேண்டியவர் வராவிட்டால் ஆட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவதை எடுத்துவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். எடுக்கப் போவதில்லை. அடுத்த டிரா போட உட்காருவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என் ஒருத்தன் கையெழுத்துப் போதாது. நம் ஊர்க் கல்லூரிகளில் எந்த வருஷமாவது பனியன் போட்டு ஆடியவர்கள், முதல் சுற்றில் தோற்றவர்கள் முக்கியமாக, வர வேண்டும். ஞாயிறு காலை 7 மணிக்குக் கடற்கரையில் காந்தி சிலைக்கு எதிரே இருப்பேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுத்து கொஞ்சம் சின்னது.